ஒரு பாடம் குறைவு

வேதியியல் துறையில் டக்கு சாரைத் தெரியாத மாணவர் கிடையாது. எதுவானாலும் டக்கென்று முடித்துவிடுவார். வகுப்பு எடுத்தால் மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பாடம் முடிந்துவிடும். விடைத்தாள் கட்டைத் திங்கள்கிழமை வாங்கினால் புதன்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எந்தெந்தப் பாடங்களை எடுப்பது என்று கேட்க மாணவர்கள் தங்கள் ஆலோசகரிடம் வருவார்கள். அன்றைக்கு மற்ற ஆசிரியர்களின் அறை வாசலில் வரிசை மாடிப்படி வரை நீளும். டக்கு சார் அறைக்குள் போன பிள்ளை மட்டும் மூன்றாவது நிமிடம் கையெழுத்தோடு வெளியே வந்துவிடும். எழுபத்தொரு பேருக்கு அவர் ஆலோசகர். எழுபத்தொரு பேரையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு, மதியம் சோற்றுப் பாத்திரம் ஆறுவதற்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். பட்டப்பெயர் அவர் காதுக்கு வராமல் இல்லை. வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசிப் பருவம் முடிய மூன்று வாரம் இருந்த ஒரு திங்கள்கிழமை காலை, அவர் வருவதற்கு முன்பே அறை வாசலில் ஒரு மாணவி நின்றுகொண்டிருந்தாள். எந்த ரப்பர் பேண்டுக்கும் அடங்காத முடி. அதனாலேயே வகுப்பில் அவளைச் சுருட்டை என்பார்கள். நன்றாகப் படிக்கிறவள். ஆசிரியர்களைத் தொந்தரவு செய்யாதவள். அதனால் மூன்று வருடத்தில் டக்கு சார் அவளிடம் மொத்தமாகப் பேசியது அரைமணி நேரம்கூட இருக்காது.

"சார், பட்டம் வாங்கத் தகுதியானவங்க பட்டியல் ஒட்டியிருக்காங்க. அதுல நான் இல்ல."

"இருப்பம்மா. சரியாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன். தேர்வுப் பிரிவுல போய்க் கேட்டேன். இதக் குடுத்தாங்க."

ஒற்றைத் தாள். மேலே அவள் பதிவு எண். கீழே ஒரே வரி: நிலுவை – பகுப்பாய்வு ஆய்வகம். ஒரு பாடம் குறைவு.

டக்கு சார் நாற்காலியில் உட்காரும் முன்பே பதில் சொல்லிவிட்டார். "தப்பாப் போட்டிருப்பாங்க. உன் பிரிவுக்கு அந்த ஆய்வகம் வேண்டியதே இல்ல."

"அன்னைக்கும் நீங்க அப்படித்தான் சொன்னீங்க சார்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். டக்கு சார் உட்காரவில்லை. பீரோவைத் திறந்து அவளுடைய கோப்பைத் தேடினார். மூன்றாம் பருவத்துப் பாடத்தேர்வுப் படிவம் அடியில் கிடந்தது. எடுத்தார்.

ஆறு பாடங்களுக்கு நேராக அவள் நீல மையில் டிக் அடித்திருந்தாள். ஐந்தாவது, பகுப்பாய்வு ஆய்வகம். அதன்மேல் பச்சை மையில் ஒரு கோடு. பக்கத்தில் அதே பச்சையில், 'தேவையில்லை – பதிலாகச் சுற்றுச்சூழல் வேதியியல்' என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து. துறையில் பச்சைப் பேனா வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

படிவத்தை அவளிடம் காட்டவில்லை. "நான் பாத்துக்கறேன், நீ வகுப்புக்குப் போ" என்றார்.

அவள் போகவில்லை. "சார், நகர மருத்துவமனை ஆய்வகத்துல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. நாலு இடம்தான். நான் நாலாவது. வர்ற ஒண்ணாம் தேதி சேரணும், பட்டச் சான்றிதழோட. சரியாயிடும்ல?"

"ஆயிடும்மா."

"ஏன்னா எங்கப்பா..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவள் போன பிறகு அலமாரியில் விதிமுறைப் புத்தகத்தைத் தேடினார். அவள் சேர்ந்த வருடம்தான் விதி மாறியது. புதுப் புத்தகம் அப்போதே எல்லோருக்கும் வந்தது. அவருடையது இரண்டு அகராதிகளுக்கு நடுவில் இருந்தது, தாள் உறை பிரிக்காமல். உறையைக் கிழித்தார். பதினான்காம் பக்கம். எல்லாப் பிரிவினருக்கும் பகுப்பாய்வு ஆய்வகம் கட்டாயம். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மழையா வெயிலா, அவள் ஏதாவது கேட்டாளா, தான் நிமிர்ந்தாவது பார்த்தோமா, எதுவும் தெரியவில்லை.

மறுநாள் தேர்வுப் பிரிவில் அவர் நின்றது நாற்பது நிமிடம். அங்கே கண்காணிப்பாளர் ஒரு அம்மாள். முப்பது வருடமாக அதே மேசை. யாரிடமும் குரல் உயர்த்தாதவர், யாருக்கும் இம்மி அளவும் விட்டுக்கொடுக்காதவர்.

"பொண்ணு தப்பு பண்ணல. ஆலோசகர் சொல்லித்தான் விட்டிருக்கு" என்றார் டக்கு சார்.

அந்த அம்மாள் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, அடியில் எறும்பு வரிசைபோல இருந்த எழுத்தின் கீழே பென்சிலை வைத்தார். "படிங்க சார்."

'ஆலோசகரின் கையொப்பம் அறிவுரை மட்டுமே. பட்டத்துக்கான தேவைகளை நிறைவு செய்யும் பொறுப்பு மாணவரையே சாரும்.'

"அப்ப என் கையெழுத்துக்கு என்னதாங்க அர்த்தம்?"

"அத நான் எப்படி சார் சொல்றது? நீங்கதான போடறீங்க." கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாதவர்போலத்தான் சொன்னார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "வியாழக்கிழமை கல்விக்குழு கூடுது. கல்லூரி பக்கம் தப்புன்னு எழுத்துல ஆதாரம் இருந்தா எடுத்துக்குவாங்க. வாயால சொன்னாங்க கேட்டேன்னு வந்தா எடுக்க மாட்டாங்க. அந்தப் பாடம் அடுத்த வருஷம்தான் மறுபடி நடக்கும். அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது எழுத்துல இருக்கா?"

அந்தப் பெண்ணிடம் ஒன்றும் இல்லை. கணினியில் ஏறியது திருத்திய பட்டியல் மட்டும்தான். கோடு போட்ட படிவம் உலகத்திலேயே ஒன்றுதான், அது அவர் பீரோவில் இருந்தது.

இதைத் துறைத்தலைவியிடம் சொன்னபோது அவர் முதலில் கதவைச் சாத்தினார். "உங்க பதவி உயர்வு ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. இந்த மாசம் அனுப்பறேன். ஏழு வருஷம் காத்திருந்திருக்கீங்க."

"அது இல்ல மேடம்..."

"நான் எதையும் கிழிக்கச் சொல்லல. மறைக்கவும் சொல்லல. உங்ககிட்ட யாரும் கேக்கல. கேக்காதத ஏன் தூக்கிட்டுப் போறீங்கன்னுதான் கேக்கறேன். பொண்ணு ஒரு வருஷம் கழிச்சு முடிப்பா. சின்ன வயசு. உலகம் இடிஞ்சிடாது."

நியாயம்போலத்தான் இருந்தது. நியாயமாகத் தோன்றியதுதான் அவரைப் பயமுறுத்தியது.

புதன்கிழமை மதியம் சுருட்டையின் அப்பா வந்தார். லிஃப்ட் மெக்கானிக். கம்பெனிச் சட்டை, கழுவியும் போகாத கிரீஸ் படிந்த நகங்கள். அறைக்குள் வரும்போது வலது தோள் கதவு நிலையில் இடித்தது. மன்னிப்புக் கேட்பதுபோல நிலையைத் தடவிவிட்டு உட்கார்ந்தார்.

"அரைநாள் லீவுதான் சார். ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன். பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. நேத்து அவங்கம்மாகிட்ட அழுதிருக்கா. எனக்கு விவரம் பத்தாது. ஒரு பாடம் குறையுதுங்கறாங்களே, அவ ஃபெயிலா?"

"இல்லீங்க. அவ எதுலயும் ஃபெயில் ஆகல."

"அப்ப எப்படிக் குறையும்?"

டக்கு சார் தண்ணீரைக் குடித்தார்.

"வேற யார்கிட்டயும் சொல்லாதத உங்ககிட்ட சொல்றேன். நீங்க அவளுக்கு வழிகாட்டற வாத்தியார்." லிஃப்ட் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கண்ணுல அழுத்தம். நேராப் பாத்தா தெரியும். பக்கம் தெரியாது, ரெண்டு பக்கமும் மூடிக்கிட்டு வருது. லிஃப்ட் போற குழிக்குள்ள இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆச்சு. கம்பெனிக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இவ ஒண்ணாம் தேதி வேலைக்குச் சேந்ததும் நானே சொல்லிட்டு நின்னுக்கலாம்னு நாளை எண்ணிக்கிட்டு இருந்தேன். போன மாசம் குழிக்குள்ள நிக்கறப்ப, லிஃப்டுக்கு ஈடாத் தொங்கற எதிர்எடை தலைக்கு மேல இறங்கறது தெரியல. கூட வேலை பாக்கறவன் சட்டையப் புடிச்சு இழுத்தான்."

லிஃப்ட் மெக்கானிக் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

"அவ சொல்றா, தானே அத எடுக்கணும்னு டிக் அடிச்சாளாம். நீங்கதான் வேண்டாம்னீங்களாம். நான் அவளத்தான் திட்டினேன் சார். அவ்வளவு படிச்சவரு தப்பாச் சொல்வாரா, நீதான் காதுல சரியா வாங்கல, வாத்தியார் மேல பழி போடாதன்னு திட்டினேன்." அவர் நிமிர்ந்து, முகத்தை முழுதாகத் திருப்பி, நேராகப் பார்த்தார். "சரியாத்தான திட்டினேன்?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் டக்கு சாரால் டக்கென்று பதில் சொல்ல முடியவில்லை. பீரோ இரண்டடி தூரத்தில் இருந்தது. 'நாளைக்குக் கூட்டம் இருக்கு, பாத்துக்கறேன்' என்று மென்று விழுங்கினார். லிஃப்ட் மெக்கானிக் கும்பிட்டுவிட்டு, இந்த முறை நிலையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனார். தன் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக ஒரு வேலை செய்ததில்லை என்று டக்கு சாருக்குத் தோன்றியது.

அன்று மாலை படிவத்தைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.  அவர் மனைவி ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவள். சாப்பாட்டு மேசையில் யாரோ எழுதிய தோட்டக்கலைப் புத்தகத்தின் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். அவர் படிவத்தை அந்தத் தாள்களின்மேல் வைத்தார். அவள் முழுவதும் படித்தாள். அடியில் இருந்த எறும்பு எழுத்தையும் விடவில்லை.

"இது உங்க கை."

"ம்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. அவங்கப்பா வந்தாரு. அவர்கிட்டயும் சொல்லல." பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார். "இது தொலைஞ்சு போனா யாருக்கும் தெரியாது."

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "தெரியாதுதான். ஆனா நீங்க ராத்திரி தூங்குற ஆளு. படுத்ததும் டக்குனு தூங்கிருவீங்க. நான்தான் முழிச்சுக் கிடப்பேன். இதுக்கு மேல ரெண்டு பேரும் முழிச்சுக் கிடக்கணும்னா சொல்லுங்க, அடுப்புல போட்டுடறேன்."

அவர் படிவத்தை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

கல்விக்குழுவில் ஐந்து பேர். அவருடைய விஷயம் பதினோராவது. சுருட்டையையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். டக்கு சார் படிவத்தைத் தலைவர் முன்னால் வைத்தபோதுதான் அவளும் அதைப் பார்த்தாள். அவள் பார்வை அந்தப் பச்சைக் கோட்டிலிருந்து அவர் முகத்துக்கு வந்தது. அப்படியென்றால் திங்கள்கிழமையே தெரியுமா என்று அந்தப் பார்வை கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் அடிச்சீங்க?" என்று கணிதப் பேராசிரியர் கேட்டார்.

"பழைய விதி ஞாபகத்துல அடிச்சுட்டேன்."

"புது விதிமுறைப் புத்தகம் உங்களுக்கு வரலையா?"

"வந்துச்சு. பிரிக்கல."

ஐந்து பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள். இளையவர் ஒருவர், "எழுபத்தொரு பேர ஒரு ஆள் தலையில கட்டினா இப்படித்தான் ஆகும். அதையும் குறிப்புல ஏத்துங்க" என்றார். தலைவர், "அது இன்னைக்கு அஜெண்டால இல்ல" என்று முடித்தார். பாடத்தைத் தள்ளுபடி செய்ய விதியில் இடமில்லை. வேண்டுமானால் ஆலோசகர் தன் பொறுப்பில் அந்த ஆய்வகத்தைத் தனியாக நடத்தலாம். பதினாறு சோதனை. ஒன்றுகூடக் குறையக் கூடாது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்க்க வேண்டும். பருவம் முடிவதற்குள், அதாவது பதினைந்து நாளில். டக்கு சாருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போகும். பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் சுருட்டைக்கு ஐந்து இறுதித் தேர்வுகள் இருந்தன.

ஆய்வகத்தை விடிந்ததும் திறக்க வேண்டியிருந்தது. திறப்பவர் ஆய்வக உதவியாளர். இடுப்பில் இருபத்தாறு சாவி தொங்கும், அவர் வருவது அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். "பத்து மணிக்கு மேலதான் எனக்குக் கையெழுத்து சார்" என்று முதல் நாள் முணுமுணுத்தார். விவரம் கேட்ட பிறகு முணுமுணுப்பதை நிறுத்தவில்லை, ஆனால் மறுநாளிலிருந்து அவர்களுக்கு முன்பே வந்து பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

சுருட்டை வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. 'இது போதுமா சார்', 'வடிகட்டட்டுமா சார்', அவ்வளவுதான். சார் என்ற சொல்லை ஒருவர்மேல் இப்படியும் வீச முடியுமா என்று அவர் நினைத்துக்கொண்டார். பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு அதிகமாக விழுந்தால் நிறம் வேண்டிய அளவைக் கடந்துபோகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். எடை காணும் சோதனைகள் அதைவிடக் கொடுமை. பீங்கான் கிண்ணத்தைச் சூடாக்கி, ஆறவைத்து, எடை போட்டு, மறுபடி சூடாக்கி, எடை மாறாமல் நிற்கும்வரை அதையே செய்ய வேண்டும். எதையும் அவசரப்படுத்த முடியாது. கிண்ணம் ஆறும் நேரத்தில் அவள் அன்றைய தேர்வுக்கான குறிப்பைப் படிப்பாள். அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எட்டாம் நாள் பதினோராவது சோதனை. மூன்றாம் முறையும் நிறம் கடந்துவிட்டது. அவள் கையிலிருந்த குடுவையை மேசையில் மெதுவாக வைத்தாள். பிறகு அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"பரவால்லம்மா, இன்னொரு தடவ..."

"எனக்கு நேரம் இருந்துச்சு சார்." தலையைத் தூக்காமலே பேசினாள். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பருவம் முழுசா இருந்துச்சு. நிதானமாச் செஞ்சிருப்பேன். எனக்கு இது புடிக்கும். புடிக்குங்கறதாலதான் டிக் அடிச்சேன். ஏன் அடிச்சன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் கேக்கலையா?"

"நீங்க நிமிந்தே பாக்கல."

அவர் தேடித் தேடிக் கிடைக்காத அந்த நாளில் நடந்தது அவ்வளவுதான்.

சாவிக்கொத்து சத்தம் போடாமல் ஆய்வக உதவியாளர் வந்து, அவள் பக்கத்தில் ஒரு டம்ளர் டீயை வைத்தார். "குடிம்மா. இங்க எதையும் குடிக்கக் கூடாதுன்னு சுவத்துல எழுதிப் போட்டிருக்கு. நான்தான் ஒட்டினேன். பரவால்ல, குடி." அவள் குடித்தாள். நான்காம் முறை நிறம் சரியாக நின்றது.

பதினாறும் முடிந்தன. ஆனால் தேர்வாளர் வரவில்லை. வேறு கல்லூரியிலிருந்து நியமிக்கப்பட்டவர், தேதி வசதிப்படாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தகவல் அனுப்பியிருந்தார். டக்கு சார் அன்று மதியமே இரண்டு பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனார். தேர்வாளர் பல் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். பேச முடியவில்லை. டக்கு சார் மட்டும் பேசினார். தன் தப்பை இவ்வளவு விவரமாக, இவ்வளவு நேரம், யாரிடமும் அவர் சொன்னதில்லை. கடைசியில் அந்த மனிதர் ஒரு தாளை எடுத்து, 'நாளை பத்து மணி' என்று எழுதிக் காட்டினார். சொன்னபடி வந்தார், கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு. சுருட்டைக்கு எண்பத்தொன்பது மதிப்பெண் போட்டார்.

மதிப்பெண் ஏறியது. சான்றிதழும் அச்சானது. கையெழுத்துதான் பாக்கி. போட வேண்டிய தேர்வு நெறியாளர் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார். நான்காம் தேதிதான் வருவார். மற்ற மாணவர்களின் சான்றிதழ்களுக்கு அவர் போகும் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். இது ஒன்றுதான் பின்னால் வந்தது. டக்கு சார் மருத்துவமனைப் படுக்கைக்கே தாளைக் கொண்டுபோகப் பார்த்தார். கண்காணிப்பாளர் அம்மாள் தலையை ஆட்டினார். "கையெழுத்தும் முத்திரையும் ஒரே இடத்துல விழணும், அலுவலக முத்திரை கட்டடத்த விட்டு வெளிய போகாது சார். உங்களுக்காகச் செய்யணும்னு இருக்கு. முடியாது." அந்த அம்மாளின் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஆனாலும் முத்திரை மேசைக்குள்ளேயே இருந்தது.

ஒன்றாம் தேதி டக்கு சார் சுருட்டையோடு மருத்துவமனைக்குப் போனார். சான்றிதழ் நான்காம் தேதி கிடைக்கும் என்ற கல்லூரிக் கடிதத்தை நிர்வாக அதிகாரி இரண்டு முறை படித்தார். மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிவரை காத்திருக்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார். ஒரு நாள் தள்ளி நான்காம் தேதி என்று வைத்துக்கொள்ள முடியாதா என்று டக்கு சார் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்து நின்று கேட்டார். அதிகாரி, "சார், உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் தேதி மாலை மறுபடி போனார்கள். இன்னொரு முறை கெஞ்சிப் பார்ப்பது என்பதைத் தவிர வேறு திட்டம் இல்லை. அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் தன் அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கோப்பு. பட்டியலில் ஐந்தாவது இடம். அவளும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருட்டையின் மதிப்பெண்ணுக்கும் அவளுடையதற்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம் என்று பிறகு தெரிந்தது. அவள் சுருட்டையைப் பார்த்து, யாரென்று தெரியாமல், கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்டாள். சுருட்டை உட்கார்ந்தாள்.

ஐந்து அடித்ததும் அதிகாரி கதவைத் திறந்தார். சுருட்டையைப் பார்த்தார். டக்கு சாரைப் பார்த்தார். பிறகு ஐந்தாவது பெண்ணை உள்ளே கூப்பிட்டார். அவள் அக்கா சுவரில் சாய்ந்து, முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். சந்தோஷத்தில்தான். டக்கு சார் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த கெஞ்சலில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. யாரிடம் கெஞ்சுவது? யாருக்கு எதிராக?

"போலாம் சார்" என்றாள் சுருட்டை.

மறுநாள் பதினொன்றரை மணிக்குச் சான்றிதழ் கையெழுத்தானது. அவரே அதை வாங்கி அவள் வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு அறை வீடு. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கும் வேலைக்குப் போயிருந்தார். அன்றைக்கும் குழிக்குள்தான் இறங்கியிருப்பார் என்ற நினைப்பு டக்கு சாரை வாசலிலேயே நிறுத்தியது. சுருட்டை சான்றிதழை வாங்கி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏதாவது சொல்லும்மா" என்றார். "திட்டணும்னா திட்டு."

அவள் யோசித்தாள். "நீங்க அந்தப் படிவத்தக் காட்டாம இருந்திருக்கலாம். காட்டினீங்க. அது எனக்குத் தெரியும். அப்பாகிட்டயும் சொன்னேன். அவரு என்னத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டாரு." கதவுப் பிடியைத் தேய்த்தபடி சொன்னாள். "ஆனா அதனால எனக்கு ஒண்ணும் ஆகல சார். நீங்க நல்லவருன்னு ஆச்சு. எனக்கு வேலை போச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

பிறகு நடந்தது இதுதான். சுருட்டை அந்த வாரமே ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கடையில் சேர்ந்தாள். சம்பளம் பாதிகூட இல்லை, காலை ஆறு மணி வேலை. அவள் சேர்ந்து ஒன்பதாம் நாள் லிஃப்ட் மெக்கானிக் தன் கண்ணைப் பற்றிக் கம்பெனியில் தானாகவே சொன்னார். உதிரிபாகக் கிடங்கில் உட்காரும் வேலை ஒன்று இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. அந்த இரண்டு மாதம் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று டக்கு சாருக்குத் தெரியாது. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று இருந்துவிட்டார். மருத்துவமனை அடுத்த பட்டியல் போட்டபோது விளம்பரத்தைக் கத்தரித்து அனுப்பினார். அவள் விண்ணப்பித்தாளா என்பதும் தெரியாது. பதில் வரவில்லை.

பதவி உயர்வு ஃபைல் துறைத்தலைவியின் மேசையிலேயே இருக்கிறது. விளக்கம் கேட்ட கடிதம் அதன்மேல் குத்தப்பட்டிருக்கிறது.

விடுமுறை முடியும் முன்பே ஒரு நாள் அவர் கல்லூரிக்குப் போய், மிச்சம் எழுபது கோப்புகளையும் தரையில் பரப்பினார். விதிமுறைப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு நாள் ஆனது. இளைய வகுப்பில் மூன்று பேருக்கு அதே பாடத்தை அடித்திருந்தார். மூவருக்கும் இன்னும் ஒரு வருடம் இருந்தது. மூவரில் முதல் பெண்ணின் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். அவளுடைய அம்மா எடுத்தாள்.

"காலேஜ்லேருந்து பேசறேங்க. பொண்ணுக்கு ஆலோசகர். பயப்படாதீங்க, அவ மேல ஒண்ணும் இல்ல. நான் ஒரு தப்பு பண்ணிருக்கேன். கொஞ்சம் நேரம் இருக்குங்களா? முழுசாச் சொல்லணும்."